படிக்காமல் விட்ட நான்காம் பத்தி

பெங்களூரு குக் டவுனில் ஹட்சின்ஸ் சாலையை ஒட்டி, இந்திய கத்தோலிக்க ஆயர்களின் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இருக்கிறது. 1967-ல் தொடங்கிய அந்த மையத்தை வளர்த்தெடுத்தவர் டி.எஸ். அமலோர்பவதாஸ் என்ற தமிழ்க் குருவானவர். 1974 டிசம்பரில் இறையியலாளர்களை அங்கே கூட்டி ஓர் ஆய்வுக் கருத்தரங்கை நடத்தினார். வேதங்கள், உபநிடதங்கள், கீதை ஆகியவற்றிலும் இறை ஏவுதல் உண்டா, திருப்பலியில் அவற்றை வாசிக்கலாமா என்பதுதான் கேள்வி. அயல்நாட்டுச் சரக்கு என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு திருச்சபை, தான் நிற்கும் மண்ணின் ஞானத்தை மரியாதையோடு கேட்க முன்வந்த நேரம் அது. அந்த முயற்சியின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. 1975-ல் ரோமிலிருந்து வந்த கடிதம், வழிபாட்டில் அத்தகைய வாசகங்களை நிறுத்தச் சொன்னபோது இங்கு பலருக்கு ஏற்பட்ட வேதனையும் நியாயமானதே. ஆனால் அந்த விவாதத்தைச் சுற்றி அதற்கு முன்பும் பின்பும் உலவிய ஒரு கருத்தை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இந்து நூல்களே பழைய ஏற்பாடு, யூதர்களின் பழைய ஏற்பாடு நமக்கு எதற்கு என்பது அந்தக் கருத்து.

இது திடீரென்று முளைத்ததல்ல. 1875-லேயே கல்கத்தாவில் கிருஷ்ண மோகன் பானர்ஜி, வேதத்தில் வரும் பிரஜாபதியின் பலி கிறிஸ்துவில் நிறைவேறியது என்று ஒரு நூல் எழுதினார். 1938-ல் சென்னையில் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அடங்கிய குழு, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஓர் இந்து, கிறிஸ்துவை அடைய ஆபிரகாம், மோசே வழியாகத்தான் வரவேண்டுமா என்ற கேள்வி அந்த வட்டாரத்தில் உரக்கவே எழுந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த செஞ்சையா, மிஷனரிகளின் நிழலில் வாழ மறுத்த மனிதர். அவருடைய கோபத்துக்குக் காரணம் ஐரோப்பா, யூதர்கள் அல்ல. 1974 கருத்தரங்கும் பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லவில்லை. இவர்களில் எவரையும் யூத வெறுப்பாளர் என்று சொல்வது அநியாயம். ஆனாலும் நல்ல நோக்கத்தோடு ஒருவர் கையில் எடுக்கும் கருத்துக்கு அவருக்கு முன்பே ஒரு வரலாறு இருக்கலாம். இந்தக் கருத்துக்கு இருக்கிறது.

கருங்கடல் கரையைச் சேர்ந்த மார்சியோன் என்ற கப்பல் வணிகர் இரண்டாம் நூற்றாண்டிலேயே இதைச் சொன்னார். யூதர்களின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டிக் கத்தரித்து, வைத்துக்கொண்டார். ரோமாபுரித் திருச்சபை கி.பி. 144-ல் அவரை விலக்கியது. அவர் கொடுத்திருந்த பெருந்தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சபை ஏட்டளவில் யூத வேதத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதைத் தந்த மக்களைக் காப்பாற்றவில்லை. 386, 387-ல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களுக்கு எதிராகப் பொழிந்த பிரசங்கங்களும், 1543-ல் லூத்தர் எழுதிய கொடிய நூலும் அதற்குச் சான்று. பிறகு 1920-களின் தொடக்கத்தில் பெர்லின் பேராசிரியர் ஹார்னாக் மார்சியோனைப் பற்றி எழுதிய பெருநூலில், சீர்திருத்தச் சபைகள் இன்னும் பழைய ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருப்பது ஒரு முடக்கம் என்றார். ஹார்னாக் நாஜி அல்ல. ஆனால் 1939-ல் ஐசனாக் நகரில், ஜெர்மானியத் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. வால்டர் குருண்ட்மான் என்ற விவிலியப் பேராசிரியர் அதை நடத்தினார். அடுத்த ஆண்டே, யூத அடையாளங்கள் உரித்தெடுக்கப்பட்ட புதிய ஏற்பாடு ஒன்றை அது அச்சிட்டது. சென்னைக் குழுவின் தொகுப்பு எந்த மாநாட்டுக்காகத் தயாரானதோ, அந்தத் தாம்பரம் உலக மிஷனரி மாநாடு 1938 டிசம்பரில் கூடியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 9 இரவு, ஜெர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்துகொண்டிருந்தன.

அதெல்லாம் ஐரோப்பாவின் பாவம், நம் ஊரில் யூதர்களே இல்லாதபோது நமக்கு என்ன என்று கேட்கலாம். யூதர்கள் இருந்தார்கள் என்பதற்கு மைசூர் சாலையிலுள்ள யூதர் கல்லறையே சாட்சி. 1904-ல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அதற்கு நிலம் கிடைத்தது. ஐரோப்பாவின் பாவத்துக்குத் தப்பி வந்தவர்களும் இந்த நகரத்தில் வாழ்ந்தார்கள். பெர்லினிலிருந்து வெளியேறிய கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-ல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. யூதக் குடும்பத்தில் பிறந்து 1914-ல் லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். 1933-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பணியிலிருந்து அவர் யூதர் என்றே விலக்கப்பட்டார். சர் சி.வி. ராமன் அழைத்ததால், 1935-36-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்தார். இங்கேயே ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர், சொந்த நாடு துரத்திய ஆளை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்ற தொனியில் அவர் முகத்துக்கு எதிரிலேயே பேசினார். திருமுழுக்குத் தண்ணீர்கூட ஒரு யூதரைக் காப்பாற்றவில்லை என்றால், கிறிஸ்தவர்கள் தங்கள் வேரை எவ்வளவு தூரம் மறந்திருக்க வேண்டும்?

நம் கரையோரத்தில் அந்த உறவு வேறு விதமாகவே தொடங்கியது. கி.பி. 849-ல் கொல்லத்துக் கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், அரபு, பகலவி எழுத்துக் கையொப்பங்களோடு எபிரேய எழுத்தில் யூதச் சாட்சிகளின் கையொப்பங்களும் உள்ளன. தென்னிந்தியக் கிறிஸ்தவர்களின் மிகப் பழைய ஆவணம் ஒன்றுக்கு யூதர்கள் சாட்சி! மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமாவின் பணிகள் என்ற கதை நூலில்கூட, இந்தியாவுக்கு வரும் வழியில் அப்போஸ்தலர் பாடும் எபிரேயப் பாடல் விளங்கிய ஒரே ஆள் ஒரு யூதக் குழலிசைப் பெண். பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1560-ல் கோவாவில் விசாரணை மன்றம் அமைந்தது; யூத வழிவந்த புதுக்கிறிஸ்தவர்கள் அதன் முதன்மை இலக்குகளில் அடங்குவர். யூத வெறுப்பு நம் மண்ணில் இறக்குமதிச் சரக்கு. அயல்நாட்டுத்தனத்தை உதறித் தள்ள விரும்பும் இறையியல், உதற வேண்டியது இதைத்தான்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. பழைய ஏற்பாட்டின் சிலை வழிபாட்டுக் கண்டனங்களைக் கொண்டுதானே மிஷனரிகள் நம் கோயில்களை இழிவுபடுத்தினார்கள்? உண்மை. தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்க் 1713-லேயே வெளியிட்ட அக்கியானம் என்ற சிறுநூலே அதற்குப் போதுமான சான்று. ஆனால் ஆமோசும் ஏசாயாவும் எரேமியாவும் யாரைக் கண்டித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சீறியது தங்கள் சொந்த மக்கள்மீது, தங்கள் அரசர்கள்மீது, தங்கள் கோயிலின் பலிகள்மீது. ஒரு சமூகம் தன்னைத் தானே கடிந்துகொண்ட பேச்சு அது. இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவப் போதகர்கள் அந்தக் கண்டனங்களை யூதர்களுக்கென்றும் வாக்குறுதிகளைத் தங்களுக்கென்றும் பிரித்துக்கொண்டார்கள். அதே பேச்சைப் பிறகு இந்துக்கள் பக்கம் திருப்பினார்கள். இரு சமூகங்களையும் புண்படுத்தியது ஒரே தவறான வாசிப்பு. நூலைத் தள்ளினால் அந்த வாசிப்பு அப்படியே எஞ்சும். புதிய ஏற்பாட்டிலும் அதற்குத் தீனி உண்டு.

வேதங்களைப் பழைய ஏற்பாட்டின் இடத்தில் வைத்தால் யாருடைய குரல் உள்ளே வருகிறது, யாருடையது வெளியே நிற்கிறது என்பதையும் பெங்களூருவே கேட்டது. 1981-ல் பென்சன் டவுன் மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் சூத்திர இறையியலைப் பற்றி உரையாற்றினார். தலித் இறையியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக அந்த உரையைச் சொல்வார்கள். பின்னர் அவர் எழுதிய கட்டுரையில், உபாகமம் 26-ஆம் அதிகாரத்திலுள்ள அறிக்கையை, அதாவது நாடோடியான மூதாதை, எகிப்தின் அடிமைத்தனம், விடுதலை என்று செல்லும் அந்த நினைவை, தலித் வரலாற்றோடு சேர்த்து வாசித்தார். இந்தியத் திருச்சபையின் பெரும்பகுதி மக்களுக்குத் தங்களைத் தீண்டாதவர்களாக வைத்த மரபின் நூல்களைவிட, அடிமைகளாக இருந்தோம் என்று வெட்கமின்றிச் சொல்லும் யூத நூல் அருகில் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஈசாக்கு, சாமுவேல், தாவீது, எஸ்தர், ரூத் என்ற பெயர்கள் இவ்வளவு இயல்பாகப் புழங்குவது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். இதுவும் பிறர் கதையைப் பறித்துக்கொள்வதுதானே என்றால், அந்தக் கதைக்கு உரியவர்கள் இன்றும் உயிரோடு அதை ஓதி வாழ்கிறார்கள் என்பதை மறந்தால் மட்டுமே அது பறிப்பு. ரோமர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் புறஇனத்தாரைக் காட்டு ஒலிவக் கிளைகள் என்று அழைக்கும் பவுல், வேரைத் தாங்குவது தாங்களே என்று அவர்கள் பெருமையடிக்கக் கூடாது என்கிறார்.

குக் டவுன் கருத்தரங்கை நடத்தத் துணிவு தந்ததே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட நோஸ்திரா ஏதாத்தே அறிக்கைதான். அதன் இரண்டாம் பத்தி இந்து சமயத்தையும் புத்த சமயத்தையும் மதிப்போடு பேசுகிறது. இந்திய இறையியல் அந்தப் பத்தியை மனப்பாடமாக வைத்திருக்கிறது. யூதர்களைப் பற்றிய நான்காம் பத்தியை அதில் பாதி அக்கறையோடு பேசியதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த அறிக்கை பிறந்ததே நான்காம் பத்திக்காக. மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1960 ஜூனில் திருத்தந்தை 23-ஆம் யோவானைச் சந்தித்து, யூதரை இழிவுபடுத்தும் போதனையைத் திருச்சபை கைவிட வேண்டும் என்று கேட்டார். யூதர்களைப் பற்றிய ஒரு வரைவாகத் தொடங்கி, எதிர்ப்புகளுக்கு இடையில் மற்றச் சமயங்களுக்கும் விரிந்து, 2221-க்கு 88 என்ற வாக்கில் நிறைவேறியது அது. இந்து நூல்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது யூதர்களிடம் காட்டிய மனவருத்தம். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட முடியாது. சீர்திருத்தச் சபையினருக்கும் இதில் விலக்கு இல்லை. லூத்தரின் யூத எதிர்ப்பு எழுத்துகளிலிருந்து உலக லூத்தரன் ஐக்கியம் விலகிக்கொண்டது 1984-ல் புடாபெஸ்டில்.

யூத வேரை ஏற்பது இஸ்ரேல் அரசு செய்வதையெல்லாம் ஏற்பதாகாதா? ஆகாது. பெத்லகேமின் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் அதே சங்கீதங்களைத்தான் பாடுகிறார்கள். நம் ஊர்ச் சில சபைகளில் இப்போது பரவியிருக்கும் இஸ்ரேல் கொடியும் கொம்பு ஊதலும்கூட யூதர்களை மதிப்பதாகாது. இறுதிக்கால நாடகத்தில் அவர்களுக்கு ஒரு வேடம் கொடுப்பதே அது. செய்ய வேண்டியது இதைவிட எளிமையானது, கடினமானதும்கூட. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் முதல் கிராமத்துச் சிற்றாலயம் வரை யோவான் நற்செய்தியிலுள்ள இயேசுவின் பாடுகள் வாசிக்கப்படுகின்றன. யூதர்கள் என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரசங்கி அந்த இடத்தில் நின்று, சிலுவையில் தொங்கியவரும் அடியில் நின்ற தாயும் அழுத பெண்களும் யூதர்களே என்றும், அறைந்தவர்கள் ரோமப் படைவீரர்கள் என்றும், அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ பழி சுமத்தக் கூடாது என்று நான்காம் பத்தி சொல்கிறது என்றும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

(தொடரும்)