ஆறப்போடும் அறை

2024 ஏப்ரலில், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன்குழம்பு மசாலாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். எத்திலீன் ஆக்சைடு வரம்பை மீறியிருந்தது. பலர் அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். ஜொகூரின் பெங்கெராங் ஆலையில் கிளைகோல் என்ற வேதிப்பொருளைச் செய்யும் வழியில் இடைப்பொருளாகப் பிறப்பதும் அந்த வாயுதான். மருத்துவமனையில் நம் உடம்புக்குள் நுழையும் எத்தனையோ குழாய்களில் கிருமியைக் கொல்வதும் அதுதான்.

1859இல் பாரிசில் வூர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்தார். கிருமிநாசினியாக அது பழகிய முதல் இடங்களில் ஒன்று மசாலாக் கிடங்கு. 1930களில் சிகாகோவில் லாயிட் ஹால் என்ற கறுப்பின வேதியியலாளரும் அவருடைய சகாவும் மிளகு, பட்டை போன்றவற்றைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தினர். பிறகு பிளாஸ்டிக் வந்தது. 121 பாகை நீராவியைப் பல பிளாஸ்டிக்குகள் தாங்காது. இந்த வாயுவோ குறைந்த சூட்டிலேயே, ஒட்டிய உறைக்குள்ளும் புகுந்து கிருமியைக் கொன்றது. மருத்துவ உலகம் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டது.

புகுந்தது வெளியே வர மறுத்ததுதான் வினை. பிவிசியும் ரப்பரும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சரியாக ஆறாத முகமூடி பட்ட தோல் வெந்தது, மூச்சுக்குழாய் புண்ணானது. மூக்கு எச்சரிக்கும் என்று நம்பவும் வழியில்லை: காற்றில் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு சேர்ந்தால்தான் மணக்கும். அமெரிக்கா 1984இல் தொழிலாளர்களுக்கு விதித்த வரம்போ ஒரு பங்கு. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்காகவே சூடான காற்றோடும் அறை பிறந்தது. ஐம்பது, அறுபது பாகைக் காற்று மணிக்கணக்கில் ஓடி, வாயுவைப் பொருளிலிருந்து இழுத்து வெளியேற்றும். எவ்வளவு நேரம் என்பதைப் பொருள்தான் சொல்லும். தடித்த ரப்பருக்கு நீளும், உலோகத்துக்குச் சுருங்கும். 1995இல் முதலில் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993-7, ஆறிய பிறகும் எவ்வளவு வாயு மிஞ்சலாம் என்பதற்கு எண் கொடுத்தது. 2008இல் திருத்திய பதிப்பின்படி, நிரந்தரமாக உடம்புக்குள் வைக்கும் கருவியிலிருந்து முதல் நாளில் 4 மில்லிகிராமும், முதல் 30 நாளில் 60 மில்லிகிராமும், ஆயுளுக்கு 2.5 கிராமும்தான் நோயாளிக்குள் போகலாம்.

இந்த எண்களை நான் மரியாதையோடு படிக்கிறேன். மலேசிய ரப்பர் பாலில் உருவான சிறுநீர்க் குழாய்கள் உலகெங்கும் போகின்றன. ஜொகூர்த் தோட்டங்களில் விடிவதற்கு முன்னே எழுந்து நம் பாட்டிகள் வெட்டிய பாலின் வழிவந்தவை அவை. யாரோ ஒரு நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன், அந்தக் குழாய் அறைக்குள் இன்னும் சில மணி நேரம் கிடக்கட்டும்.