திமிங்கலச் சுறா

இன்று வாழும் மீன்களுள் மிகப் பெரியது திமிங்கலச் சுறா. கம்பளச் சுறா வரிசையில் ரிங்கோடோன்டிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒரே இனம் இது. தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் 1828இல் ஈட்டி எறிந்து பிடிக்கப்பட்ட, 4.6 மீட்டர் நீளமுள்ள மீனைக் கொண்டு இராணுவ மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். அந்த மீனின் பதப்படுத்திய தோல் பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. பேரினப் பெயரின் எழுத்துக்கூட்டலில் நெடுங்காலம் நீடித்த குழப்பத்தை 1984இல் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் தீர்த்துவைத்தது. ரிங்கோடோன் டைப்பஸ் என்பதே இப்போதைய அறிவியல் பெயர்.

தலை அகன்று தட்டையானது. பெரும்பாலான சுறாக்களுக்கு வாய் தலையின் அடிப்புறத்தில் இருக்கும். இதற்கோ முகத்தின் முன்விளிம்பிலேயே திறக்கிறது. வாயின் அகலம் ஒன்றரை மீட்டர் வரை வரும். தாடைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வரிசைகளில் நுண்பற்கள் உள்ளன. இரை உண்ண அவை பயன்படுவதில்லை. உள்ளே புகும் நீர் இருபது வடிதட்டுகளைக் கடந்து ஐந்து இணைச் செவுள் பிளவுகள் வழியே வெளியேற, மிதவையுயிரிகளும் மீன்முட்டைகளும் தொண்டைக்குள் தங்கிவிடுகின்றன. கண்கள் மிகச் சிறியவை, இமையற்றவை. ஆபத்து நேர்ந்தால் கண்விழியையே உள்ளிழுத்துக்கொள்ளும். விழியின் மேற்பரப்பில்கூடப் பல்போன்ற நுண்செதில்கள் இருப்பதை 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பெரும் உடலைவிட வியப்பூட்டுவது இந்த நுண்ணமைப்புதான்.

பக்கவாட்டில் நீண்ட மேடுகள் ஓடுகின்றன. சாம்பல்நிற முதுகில் கோலத்துக்கு வைத்ததுபோல் வெண்புள்ளிகளும் இடையிடையே வெளிறிய கோடுகளும் அமைந்திருக்கும், வயிறு வெண்மையானது. இப்புள்ளி அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் தனித்தன்மையானது. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர் வகுத்த கணிப்புமுறையே இன்று இச்சுறாக்களைத் தனித்தனியே அடையாளம் காண உதவுகிறது.

18 மீட்டர் நீளமுள்ளவை பற்றியும் பதிவுகள் உண்டு. எனினும் 1949இல் கராச்சி அருகே கிடைத்து முறையாக அளக்கப்பட்ட, 12.65 மீட்டர் நீளமும் 7 மீட்டர் சுற்றளவும் கொண்ட மீனையே நம்பகமான சான்றாகக் கொள்ளலாம்.

இது முட்டையிடும் இனம் அன்று. 1995இல் தைவானில் பிடிபட்ட பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன.

குஜராத் கரையில் படகுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காக இவை வேட்டையாடப்பட்டன. இந்தியாவில் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 2016 முதல் உலக அளவில் அருகிவரும் இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.