மார்க்கஸ் கார்வி: மூழ்கிய கப்பல் கம்பெனியும் ஒரு ரெகே ஆல்பமும்

1919-ம் வருடம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு புதிய கம்பெனி பங்கு விற்க ஆரம்பித்தது. ஒரு பங்கின் விலை 5 டாலர். ஒருவர் 200 பங்குகளுக்கு மேல் வாங்க முடியாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: வாங்குபவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும்!

வீட்டு வேலை செய்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், சலவைத் தொழிலாளிகள் என்று பலரும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கம்பெனியின் பெயர் பிளாக் ஸ்டார் லைன். அதை ஆரம்பித்தவர் மார்க்கஸ் கார்வி.

கார்வி 1887 ஆகஸ்ட் 17 அன்று ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே என்ற ஊரில் பிறந்தவர். அச்சுத் தொழில் கற்றவர். 1914-ல் யு.என்.ஐ.ஏ. என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1916-ல் அமெரிக்கா சென்றார். 'நீக்ரோ வேர்ல்ட்' என்ற பத்திரிகையை நடத்தினார். 'கறுப்பராகப் பிறந்ததற்கு வெட்கப்படாதே, ஆப்பிரிக்கா நம்முடையது, நமக்கென்று தொழிலும் வியாபாரமும் வேண்டும்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அடிமை முறை ஒழிந்தும் அடிமைத்தனம் ஒழியாத காலம் அது. வெள்ளையரின் கப்பல்கள் அடிமைகளாக ஏற்றிவந்த மக்கள், இப்போது தங்கள் சொந்தக் கப்பலில் போகலாம் என்றால் யாருக்குத்தான் ரத்தம் சூடேறாது?

ஆனால் ஆசை வேறு, வியாபாரம் வேறு. கம்பெனி வாங்கிய முதல் கப்பல் யார்மவுத். விலை 1,65,000 டாலர். அது கட்டப்பட்டது 1887-ல். அதாவது கப்பலுக்கும் முதலாளிக்கும் ஒரே வயது! போர்க்காலத்தில் நிலக்கரி சுமந்து களைத்துப்போன கப்பல் அது. 1920 ஜனவரியில் கியூபாவுக்கு விஸ்கி ஏற்றிச் சென்றபோது வழியிலேயே பழுதாகி, சரக்கில் ஒரு பகுதி கடலுக்குள் போனது. அடுத்து வாங்கிய இரண்டு கப்பல்களும் ரிப்பேர் செலவையே தின்றன. 1921-ல் யார்மவுத் வெறும் 1,625 டாலருக்கு விலைபோனது. 1922-ல் கம்பெனியே நின்றுபோனது. போட்ட பணம் போட்டவர்களுக்குத் திரும்பவில்லை.

அப்படியென்றால் கார்வி மோசடிக்காரரா?

அமெரிக்க அரசாங்கம் அப்படித்தான் சொன்னது. கம்பெனியின் விளம்பரத்தில் 'ஃபிலிஸ் வீட்லி' என்ற பெயருடன் ஒரு கப்பலின் படம் இருந்தது. அந்தக் கப்பல் அப்போது கம்பெனிக்குச் சொந்தமாகவில்லை, பேரம்தான் நடந்துகொண்டிருந்தது. இல்லாத சொத்தைக் காட்டித் தபால் மூலம் பங்கு விற்றதாக வழக்கு. இன்றைக்கும் எந்த நாட்டுச் சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். அவரை எப்படியாவது நாடு கடத்த வேண்டும் என்று எட்கர் ஹூவர் 1919 முதலே வழி தேடிக்கொண்டிருந்தார். இயக்கத்துக்குள் உளவாளிகளை அனுப்பியிருந்தார். 1923-ல் தீர்ப்பு வந்தபோது கூட இருந்த மூன்று பேரும் விடுதலை. கார்விக்கு மட்டும் 5 வருடச் சிறை. அதுவும் ஒரே ஒரு தபால் உறையை வைத்து. அந்த உறைக்குள் என்ன இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்டப்படவே இல்லை!

அவரும் தவறே செய்யாதவர் அல்ல. வக்கீலை அனுப்பிவிட்டுத் தனக்காகத் தானே வாதாடினார். கப்பல் நிர்வாகம் தெரியாதவர்களை நம்பினார். 1922-ல் கு கிளக்ஸ் கிளான் தலைவரைச் சந்தித்து, டு பாய்ஸ் போன்ற கறுப்பினத் தலைவர்களின் கோபத்தை இன்னும் கிளறினார். 1927-ல் தண்டனை குறைக்கப்பட்டு ஜமைக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1935-ல் லண்டன் போனார். 1940 ஜூன் 10 அன்று அங்கேயே இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பே அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி வெளியாகி, தன் மரணச் செய்தியைத் தானே படிக்கும் கொடுமையும் நடந்தது. 1964-ல் அவர் உடல் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாட்டின் முதல் தேசிய வீரர் என்று அறிவித்தார்கள்.

சிலை வைத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பது எல்லா நாட்டுக்கும் பொதுதானே! அந்த மறதியை உடைத்தது ஒரு பாட்டுக் குழு.

அதே செயின்ட் ஆன்ஸ் பே ஊரில் 1945-ல் பிறந்தவர் வின்ஸ்டன் ராட்னி. கென்யத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவை நினைத்துத் தன் குழுவுக்கு பர்னிங் ஸ்பியர், அதாவது எரியும் ஈட்டி என்று பெயர் வைத்தார். 1975-ல் ஜாக் ரூபி தயாரிப்பில் 'மார்க்கஸ் கார்வி' ஆல்பம் வந்தது. ஜமைக்காவின் வேகமான ஸ்கா இசை, ராக்ஸ்டெடியாக நிதானமாகி, பிறகு ரெகேயாக மாறியிருந்த நேரம். ஸ்கா காலத்திலிருந்தே ஊதிவந்த பாபி எல்லிஸ் போன்றவர்களின் டிரம்பெட் இதிலும் உண்டு. ஆனால் இங்கே அது ஆட்டத்துக்கு அல்ல, துக்கத்துக்கும் எச்சரிக்கைக்கும். ஒரு பாட்டு கார்வியின் வாக்கு பலித்ததைச் சொல்கிறது. இன்னொன்று அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறது. மற்றொன்று, மற்ற தலைவர்களை எல்லாம் பேசுகிறீர்கள், கிழவர் கார்வியை மட்டும் மறந்துவிட்டீர்களே என்று புலம்புகிறது.

இதிலும் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. வெளிநாட்டில் வெளியிட்ட ஐலண்ட் ரெக்கார்ட்ஸ், ராக் ரசிகர்களுக்குப் பிடிக்கட்டும் என்று ஒலிக்கலவையை மாற்றியது. ராட்னிக்கு அது பிடிக்கவில்லை. பிறகு தனக்கென்று ஸ்பியர் என்ற சொந்த லேபிளை ஆரம்பித்தார். 'நமக்கென்று ஒரு கம்பெனி' என்று கார்வி சொன்னதைத்தான் அவரும் செய்தார்!

2025 ஜனவரி 19 அன்று, பதவியின் கடைசி முழு நாளில், அதிபர் பைடன் கார்விக்கு மன்னிப்பு வழங்கினார். தீர்ப்பு வந்து 101 வருடங்களுக்குப் பிறகு.

பிளாக் ஸ்டார் லைன் தன் பங்குதாரர்களுக்கு ஒரு பைசா லாபம் தரவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது சுத்த நஷ்டம். ஆனால் 1957-ல் விடுதலையான கானா தன் கொடியின் நடுவே ஒரு கறுப்பு நட்சத்திரத்தை வைத்தது. தன் கப்பல் கம்பெனிக்கும் பிளாக் ஸ்டார் லைன் என்றே பெயரிட்டது. அந்த 5 டாலரைப் போட்டவர்கள் முழுவதும் ஏமாந்தார்கள் என்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.