உதகையில் வகுத்த விதியும் தேசிய ஸ்னூக்கர் போட்டியும்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வென்றோர் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆட இடம் பெற்றோர் யாவர், வாயிலில் நின்றோர் யாவர் என்னும் வினாவையும் எழுப்பினால்தான் அவ்வரலாறு நிறைவு பெறும். நம் நாட்டின் தேசிய ஸ்னூக்கர் போட்டியை அந்நோக்கில் ஈண்டுக் காண்போம்.

பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட மேசை. அதன்மேல் இறுக விரித்த பச்சைக் கம்பளித் துணி. ஓரங்களில் ஆறு பைகள். சிவப்புப் பந்துகள் 15, பிற வண்ணப் பந்துகள் 6, கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து 1. ஸ்னூக்கர் ஆட்டத்தின் கருவிகள் இவையே. இது இங்கிலாந்தில் தோன்றியது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இது பிறந்தது நம் மண்ணில். 1875ஆம் ஆண்டில், மழைக்காலத்துப் பொழுதைக் கழிக்க வழியறியாத ஆங்கிலப் படை அதிகாரிகள் ஜபல்பூரில் பழைய மேசையாட்டங்கள் சிலவற்றைக் கலந்து ஆடினர். அவர்களுள் ஒருவரான நெவில் சேம்பர்லின் இதற்கு ஸ்னூக்கர் என்று பெயரிட்டார். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர். படைப்பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த மாணவரைக் கேலியாகக் குறித்த சொல்லே ஸ்னூக்கர். அச்செய்தியைச் சேம்பர்லினே தம் முதுமையில், 1938இல், மடல்வழி வெளியிட்டார்.

ஜபல்பூரில் பிறந்த ஆட்டத்துக்கு விதி வகுத்த இடம் நம் நீலமலை. சென்னைப் படைத் தலைவராயிருந்த இராபர்ட்சுடன் சேம்பர்லினும் உதகைக்கு வந்தார். அங்குள்ள மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882இல் ஆட்டவிதிகள் எழுதி மாட்டப்பெற்றன. ஆங்கிலேய ஆட்டவீரர் ஜான் இராபர்ட்ஸ் 1885இல் இந்தியா வந்தபோது சேம்பர்லினைச் சந்தித்து அவ்விதிகளைக் கேட்டறிந்து சென்றார். கடல் கடந்து போன பின்னரே ஆட்டம் உலகறியலாயிற்று.

ஆட்டம் இங்குப் பிறந்தது; ஆயின் அக்காலத்து மன்றங்களோ ஆளும் இனத்தாருக்கென அமைந்தவை. கோலைத் துடைத்து வைத்தவர், பைக்குள் விழுந்த பந்தை எடுத்து உரிய இடத்தில் வைத்தவர், புள்ளிகளை உரத்துச் சொன்னவர் எல்லாம் மார்க்கர் எனப்பட்ட இந்நாட்டுப் பணியாளர். மேசையின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த அவர்கள் பெயர் உறுப்பினர் ஏட்டில் இல்லை. எண்ணியது அவர்கள் வாய். எண்ணப்பட்டது பிறர் ஆட்டம்.

இந்நிலையைத் தேசியப் போட்டி சிறிது சிறிதாக மாற்றியது. பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கு முன்னரே தொடங்கியிருந்த தேசியப் போட்டியை அடுத்து, 1939இல் ஸ்னூக்கருக்கும் போட்டி தொடங்கிற்று, முதற்பட்டம் பி. கே. தேப் என்னும் இந்தியருடையது. பரிசுப் பணம் கருதாது ஆடுவோருக்கான போட்டி அது. மன்றத்து நுழைவுக்குக் குலமும் பதவியும் வேண்டும். போட்டியில் வெல்வதற்குப் புள்ளி ஒன்றே வேண்டும். இவ்வேறுபாடு சிறியதன்று.

புணேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் தேசிய ஸ்னூக்கர் பட்டத்தை 5 முறையும் பில்லியர்ட்ஸ் பட்டத்தை 12 முறையும் வென்றார். 1958இல் கல்கத்தாவில் உலக பில்லியர்ட்ஸ் பட்டமும் அவருக்குக் கிட்டியது. விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் உலகப் பட்டம் அதுவே. அதே கல்கத்தாவில்தான் 1963இல் தொழில்முறை சாரா ஆட்டக்காரருக்கான உலக ஸ்னூக்கர் போட்டியும் முதன்முதலாக நடைபெற்றது. இங்கிலாந்தின் கேரி ஓவன் அதில் வென்றார். ஸ்னூக்கரில் உலகப் பட்டம் நமக்கு வர மேலும் 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1984இல் டப்ளினில் ஓம் அகர்வால் அதனை வென்று வந்தார்.

1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தேசியப் பட்டம் பெற்றவர் கீத் சேத்தி. 1988-89 தேசியப் போட்டியில் அவர் ஒரே தொடராட்டத்தில் 147 புள்ளிகள் எடுத்தார். அவ்வெண்ணின் அருமையைக் கணக்கிட்டு உணரலாம். சிவப்பு ஒன்றுக்கு 1, அதையடுத்து வீழ்த்தும் கறுப்புக்கு 7. இவ்வாறு பதினைந்து முறை ஆடினால் 120. பின்னர் வண்ணப் பந்துகள் ஆறுக்கும் 2 முதல் 7 வரை கூட்டினால் 27. இடையில் ஒருமுறை பிழைத்தாலும் 147 இல்லை. முப்பத்தாறு அடிகளும் பழுதின்றி அமைய வேண்டும்.

பங்கஜ் அத்வானியின் கதை நம்மைப் போன்ற புலம்பெயர் குடும்பத்தார்க்கு இன்னும் அணுக்கமானது. புணேயில் பிறந்து, குவைத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, பெங்களூரில் ஆட்டம் பயின்றவர் அவர். பயிற்றுவித்த அரவிந்த் சவூரும் முன்னாள் தேசிய வீரரே. 2003இல் சீனாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றபோது அத்வானிக்கு அகவை 18. பின்னர் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் அவருக்குப் பணி அளித்தது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மனோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வெற்றிக்கோப்பை பரணில் இருக்கும். அடுப்பெரியச் சம்பளம் வேண்டும்.

2025 நவம்பரில் தோகாவில் நடந்த உலகப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன் ஆங்காங்கின் இங் ஒன் யீயை 3-2 என வென்று மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்ணொருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. உதகையில் விதி மாட்டப்பட்ட நாளுக்கும் அவ்வெற்றிக்கும் இடையே 143 ஆண்டுகள். அம்மன்றத்தில் விதி எழுதியோர், தமிழ்ப்பெண் ஒருத்தி அவ்விதிப்படி ஆடி உலகை வெல்வாள் எனக் கனவிலும் கருதியிரார்.

எனினும் வாயில் முழுதும் திறந்துவிட்டது எனக் கூறுதல் இயலாது. கற்பலகை பதித்த மேசை விலை மிக்கது; இன்றும் பெரும்பாலும் மன்றங்களுக்குள்ளேயே இருப்பது. பில்லியர்ட்ஸ் கூடம் என்றதும் சூதாட்டத்தை நினைத்து முகஞ்சுளிக்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் உண்டு. தேர்வு மதிப்பெண்ணை மட்டுமே மதிக்கும் நாம், கோலைக் கையிலெடுக்க விரும்பும் பிள்ளையிடம் ஒரு சொல் பொறுமையோடு கேட்பது நலம். பிறர் புள்ளிகளை எண்ணியே காலங்கழித்த மார்க்கர்களின் நாடு இது. தம் புள்ளியைத் தாமே எண்ணும் வாய்ப்பு நம் மக்களுக்கும் கிட்டுக.