தலைகீழாக நின்ற பில்ற்றர்

1970களில் வந்த எம்.ஜி.பி. காரொன்றின் பொனற்றைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினின் வலப்பக்கத்தில், டிஸ்ரிபியூற்றருக்கு அருகே ஒரு தகரப் பேணி வாய் கீழே, அடி மேலே என்று கவிழ்ந்து நிற்கும். அதுதான் ஒயில் பில்ற்றர். இந்தக் காருக்கு எந்தப் பில்ற்றர் நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் ஒரு கொம்பனியின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் அந்தப் பேணி கவிழ்ந்த கதையைத்தான் சொல்வேன். எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது என்பதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

எஞ்சின் ஒயிலை வடிகட்டவேண்டும் என்ற எண்ணம் மோட்டார் கார் ஓடத் தொடங்கி வெகுகாலத்துக்குப் பிறகே வந்தது. முதலில், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள் ஒரு கம்பிவலை மட்டும் இருந்தது. கழன்று விழுந்த ஆணியை அது பிடிக்கும். பெயறிங்கைத் தின்னும் நுண்மணலையும் கரியையும் விட்டுவிடும். ஆகவே ஐந்நூறு, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஒயிலை வடித்து ஊற்றினார்கள். 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ற் ஸ்வீற்லாண்டும் ஜோர்ஜ் கிறீன்ஹால்ஜும் பியூரோலேற்றர் என்ற வடிகட்டியை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த கிறைஸ்லரின் முதல் ஆறு சிலிண்டர் கார் அதைப் பூட்டிக்கொண்டே விற்பனைக்கு வந்தது.

ஆனால் அந்நாளைய வடிகட்டிகள் பம் அனுப்பும் ஒயிலில் ஒரு சிறு பங்கைத்தான் கிளை பிரித்து வடித்தன. மிகுதி வடிபடாமலே பெயறிங்குக்குப் போனது. சுற்றிச் சுற்றி வரும்போது எல்லா ஒயிலும் எப்போதாவது வடிபட்டுவிடும் என்பது கணக்கு. போர்ஷே 356 போன்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரே 1965 வரை இப்படித்தான் ஓடியது. ஃபோக்ஸ்வாகன் பீற்றிலுக்கு அதுவும் இல்லை, வெறும் வலைதான்.

ஒயில் முழுவதையும் பெயறிங்குக்குப் போகுமுன் வடிக்கும் முறை 1940களில் பரவியது. அதோடு ஒரு புதிய ஆபத்தும் வந்தது. ஒயிலை வடிக்கும் உட்பகுதியான எலிமென்ற் அடைபட்டால், அல்லது குளிரில் ஒயில் தடித்து எலிமென்ற்றுக்குள் நுழைய மறுத்தால், பெயறிங் வறண்டுபோகும். அதற்காக ஒரு சிறு வால்வு வைத்தார்கள். எலிமென்ற்றின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடினால் அது திறந்து, ஒயிலை வடிக்காமலே விடும். அழுக்கு ஒயில், ஒயிலே இல்லாததிலும் மேல் அல்லவா? இந்த வால்வை மனதில் வைத்திருங்கள். கடைப் பெட்டியில் அதைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்காது.

இனி எங்கள் எஞ்சினுக்கு வருகிறேன். எங்கள் என்று உரிமையோடுதான் சொல்கிறேன். பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனின் பி-வரிசை எஞ்சின், 1489 சி.சி. அளவில், 1954இல் ஒஸ்ரின் ஏ50 கேம்பிறிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது. 1955இல் அதே எஞ்சினுக்கு இரண்டு கார்பரேற்றர் பூட்டி, ஒக்ஸ்போர்ட் நகருக்குப் பக்கத்தில் அபிங்டன் தொழிற்சாலையில் எம்.ஜி.ஏ. என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறக்கினார்கள். 1962இல் அது 1798 சி.சி.க்குப் பெருத்து எம்.ஜி.பி.யாக வந்தது. 1980இல் அபிங்டன் மூடப்படும்வரை அந்தக் கார் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இந்தியாவின் அம்பாசடரை நெடுங்காலம் இழுத்ததும் இதே பி-வரிசைதான். யாழ்ப்பாணத்தில் கலியாணக் காராகவும் ஹயர் காராகவும் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுகளின் நெஞ்சும் இதுவே. லண்டனில் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் ஞாயிற்றுக்கிழமையில் பளபளப்பாக்கும் எம்.ஜி.ஏ.யின் எஞ்சினை, சுன்னாகத்துக் கராஜில் சின்னையாவுக்குக் கையாளாக நின்ற காலத்திலேயே நான் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.

அந்த எஞ்சினின் பில்ற்றர் கீழ்நோக்கித் தொங்கும் ஓர் இரும்புப் பேணி. நடுவால் ஒரு நீண்ட போல்ற் மேலே ஏறி, எஞ்சினோடு இருக்கும் தலைப்பகுதியில் பூட்டுப்படும். பேணிக்குள் முதலில் ஒரு ஸ்பிறிங், அதன்மேல் ஓர் இரும்பு வோசர், அதன்மேல் றப்பரோ கம்பளித்துணியோ ஆன மெல்லிய வோசர், அதன்மேல் எலிமென்ற்றைத் தாங்கும் தட்டு. இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பிறிங் எலிமென்ற்றை மேலே தள்ளிப் பிடிக்கிறது. மெல்லிய வோசர் போல்ற்றைச் சுற்றியுள்ள இடைவெளியை மூடுகிறது. அந்த வோசர் தொலைந்தால் ஒயில் எலிமென்ற்றைத் தொடாமல், போல்ற் ஓரமாக நழுவிச் சுத்தமான பக்கம் போய்விடும். வெளியே ஒரு துளியும் ஒழுகாது. மீற்றரில் அழுத்தம் குறையாது. பல ஆயிரம் மைல் வடிகட்டியே இல்லாமல் ஓடுவது யாருக்கும் தெரியாது. பழைய எலிமென்ற்றோடு ஒட்டிக்கொண்டு அந்த வோசர் குப்பைக்குப் போவதுதான் வழக்கமான விபத்து. “தம்பி, எண்ணிக் கழற்று, எண்ணிப் பூட்டு” என்பார் சின்னையா. ஒரு பழைய பிஸ்கற் பேணி மூடியில் அவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டினால்தான் அடுத்த வேலைக்கு விடுவார்.

தலைப்பகுதியின் பள்ளத்தில் பேணியின் விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். பழையது கறுத்து இறுகி, உலோகத்தோடு உலோகமாய் ஒட்டியிருக்கும். கண்ணுக்குப் படாது, கூரான கம்பியால் சுரண்டினால்தான் தெரியும். அதை எடுக்காமல் புதியதை மேலே வைத்துப் பூட்டினால், அழுத்தம் ஏறியதும் இரண்டில் ஒன்று வெளியே பிதுங்கும்.

1990இல் இலங்கையில் சண்டை மீண்டும் தொடங்கி, யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது இந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பிப்பது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகையைச் சுவாசித்த எவருக்கும் அது மறக்காது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்புக்குள் இறங்கும். ஒயில் மட்டம் குறைவதற்குப் பதில் டிப் ஸ்ரிக்கில் ஏறும். மணந்தால் குப்பிவிளக்கு மணம். மெலிந்த ஒயில் பெயறிங்கைக் காக்காது. புதிய எலிமென்ற்றும் கிடைக்காது. இருந்ததைக் கழுவிப் பூட்டினோம். ஒயில் எலிமென்ற்றுக்குள் வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. அதனால் அழுக்கு வெளி மடிப்பில் நிற்கும். கழுவும்போது உள்ளிருந்து வெளியே ஊற்றவேண்டும். மாறி ஊற்றினால் அழுக்கைச் சுத்தமான பக்கத்துக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்ப்போம். பழைய கம்பளித்துணி எலிமென்ற் இதைத் தாங்கியது, கடதாசி எலிமென்ற் அவ்வளவு தாங்கவில்லை. கையில் எடுத்த ஒவ்வொரு பில்ற்றரையும் எந்தப் பக்கத்தால் உள்ளே, எந்தப் பக்கத்தால் வெளியே என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த ஆண்டுகளில் வந்தது.

அமெரிக்காவில் இதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு வழி பிறந்திருந்தது. வட கரோலைனாவின் காஸ்ற்றோனியாவில் 1939இல் தொடங்கிய விக்ஸ் கொம்பனி, 1954இல் பேணியும் எலிமென்ற்றும் வால்வும் ஒன்றாய் அமைந்த பில்ற்றரைக் கொண்டுவந்தது. கையால் சுழற்றிப் பூட்டலாம், கழற்றி எறியலாம். வோசர் எண்ணும் வேலை இல்லை. எம்.ஜி.பி.க்கு இது வருவதற்கு முன்பே, 1960களின் பிற்பகுதியில், அபிங்டன்காரர் பில்ற்றரை மேல்நோக்கித் திருப்பிவிட்டிருந்தார்கள். 1970களில் சுழற்றிப் பூட்டும் பில்ற்றர் வந்தபோது அதுவும் அதே கவிழ்ந்த நிலையில் ஏறி நின்றது. மேலிருந்து கை எட்டும் என்பது வசதி. ஆனால் வாய் கீழே இருக்கும் பாத்திரத்தில் என்ன தங்கும்?

எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் வழிந்து சம்புக்குத் திரும்புகிறது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால், பம் முதலில் அந்த வெறும் பேணியை நிரப்பவேண்டும். மீற்றர் முள் பூச்சியத்திலேயே கிடக்க, எஞ்சின் அடியிலிருந்து உலோகச் சத்தம் வரும். பழைய எஞ்சின் தேய்வதில் இந்தச் சில நொடிகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே எம்.ஜி.பி. பில்ற்றரில் நான் முதலில் பார்ப்பது பின்வடிவைத் தடுக்கும் றப்பர் வால்வு. பில்ற்றரின் வாய்த்தட்டில் நடுத்துளையைச் சுற்றிச் சிறு துளைகள் இருக்கும். ஒயில் அவற்றால்தான் உள்ளே போகிறது. அவற்றுக்குள் பார்த்தால் ஒரு றப்பர்த் தட்டு தெரியும். மொட்டையான குச்சியால் மெல்ல அமுக்கினால் அது வளைந்து, விட்டதும் திரும்பி வந்து ஒட்டவேண்டும். சில மலிவுப் பில்ற்றர்களில் அது விறைத்திருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். சாதாரண கறுப்பு நைத்திறைல் றப்பர் வெப்பத்தில் நாளடைவில் இறுகிவிடும். சிலிக்கன் றப்பர் நெடுநாள் மென்மையாக இருக்கும், விலையும் கூட. கீழே தொங்கும் பில்ற்றருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கவிழ்ந்து நிற்பதற்கு இதுதான் எல்லாம். நல்ல றப்பர் இருந்தாலும் நடுக்குழாயில் உள்ள ஒயில் பெயறிங் வழியாக மெதுவாக வடியத்தான் செய்யும். கிழமைக்கணக்கில் நிறுத்திவைத்த கார் என்றால் பிளக்குகளைக் கழற்றி, கொயில் வயரையும் பிரித்துவிட்டு, ஸ்ராட்டரால் மட்டும் சுழற்றி, முள் எழுந்தபிறகே பற்றவைக்கிறேன்.

அடுத்தது புரி. இதில் பிழைத்தால் எஞ்சினே போகும். பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக உள்ள பில்ற்றர்த் தண்டு முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. மெற்றிக் பில்ற்றர்களில் பரவலானது 20 மில்லிமீற்றர், புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர், 16 புரி என்றால் புரி இடைவெளி ஏறத்தாழ 1.59. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். மெற்றிக் பில்ற்றர் அங்குலத் தண்டில் ஏறும். றப்பர் வளையம் தொட்டதும் இறுகியதுபோலவும் இருக்கும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே கடித்திருக்கும். சூடான எம்.ஜி.பி. எஞ்சின் ஓட்டத்தில் ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல். குளிர்காலைத் தடித்த ஒயிலில் அது இன்னும் ஏறும். அப்போது பில்ற்றர் தெறித்துக் கழன்றால் சம்பு வெறுமையாக அதிக நேரம் எடுக்காது. வளையம் பிடிக்கும்முன் பில்ற்றரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தளர்வாய் ஆடினால் அதைப் பூட்டவேண்டாம், யார் விற்றிருந்தாலும் சரி.

நுண்துளை அளவைப்பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. நல்ல கடதாசி எலிமென்ற் 20, 30 மைக்ரோன் அளவுத் துகளைப் பெரும்பாலும் நிறுத்தும். அதைவிட நுண்ணியது கட்டாயம் நல்லது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்த எஞ்சினுக்கு நாங்கள் ஊற்றுவது 20டபிள்யூ-50. லண்டன் மாசிமாதக் காலையில் அது தேன்போல நிற்கும். மிக நுண்ணிய எலிமென்ற் அதை எளிதில் உள்ளே விடாது. முன்னர் சொன்ன வால்வு திறக்கும். சூடேறும்வரை ஒயிலில் ஒரு பங்கு வடிபடாமலே போகும். வால்வின் ஸ்பிறிங் மெலிந்த மலிவுப் பில்ற்றரிலோ அது சூட்டிலும் திறந்துவிடலாம். அந்த எஞ்சினுக்கென்றே ஒரு நல்ல தயாரிப்பாளர் தன் அட்டவணையில் குறித்த பில்ற்றரை வாங்குங்கள். புரி பொருந்துகிறது என்று வேறு காரின் பில்ற்றரைப் பூட்டினால் இந்த வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

கவிழ்ந்த தலைப்பகுதியைக் கழற்றி, பழைய காரின் தொங்கும் தலைப்பகுதியோடு சுழற்றிப் பூட்டும் பில்ற்றரைப் போடுபவர்கள் இங்கே லண்டனில் நிறைய. நான் அதை ஆதரிக்கிறேன். பூட்டுமுன் ஒயில் நிரப்பலாம், காலையில் முள் உடனே எழும். ஆனால் எம்.ஜி.ஏ.யின் இரும்புப் பேணியை மட்டும் மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அது ஏற்கெனவே சரியான பக்கம் பார்த்துத்தான் தொங்குகிறது. அதன் எலிமென்ற்றைக் கையில் எடுத்து விரித்துப் பார்க்கவும் முடிகிறது.

கழற்றிய எந்தப் பில்ற்றரையும் நான் பார்க்காமல் எறிவதில்லை. சுழற்றிப் பூட்டும் வகையை வாள் போட்டு அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து ஏமாற்றும். விளிம்பைச் சுற்றி வெட்டும் உருளைக் கத்தி வேண்டும். கடதாசியை வெட்டி எடுத்து, துணிக்குள் வைத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாக விரிக்கவேண்டும். கரி இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: கிறாங்கோ கம்ஷாப்றோ தப்பெற்றோ. வெள்ளியாய் மினுங்கி, காந்தத்தில் ஒட்டாதது பெயறிங்கின் மேற்பூச்சாக இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் மேற்பூச்சுத் தீர்ந்து அடி உலோகம் தேய்கிறது என்று அர்த்தம். அப்போது வேறு பில்ற்றர் தேடிக்கொண்டிருக்காமல் சம்பைக் கழற்றி, பெயறிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டும்.