பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்

ஒஸ்லோவில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஆண்டுப் பரீட்சைக்கு மேற்பார்வையாளனாக நின்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விடைத்தாளை நீட்டிவிட்டு, "அங்கிள், இதிலை சித்தியடையாட்டி நான் தமிழ் இல்லையா?" என்று கேட்டாள். என்னோடு நின்ற அண்ணை சிரித்தார். பிறகு கார் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னார்: "தம்பி, நான் நோர்வேயிலை முதல் படிச்ச பள்ளிக்கூடத்திலை பரீட்சையே இல்லை."

நான் 2004இல் முதுநிலைப் படிப்புக்கு மாணவர் விசாவில் வந்தவன். அவர் 1985இல், பத்தொன்பது வயதில் வந்தவர். அவருடையதும் மாணவர் விசாதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நோர்வேத் தமிழர் வரலாற்றை 1956இல் இங்கு வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். மீன்பிடித் தொழிலைக் கற்று ஊர் திரும்பிய அவர், 1967இல் நோர்வே நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தொடர்பால் எழுபதுகளில் சில இளைஞர்கள் இங்கே வந்தார்கள். 1975இல் நோர்வே தொழிலாளர் குடிவரவை நிறுத்தியது. மாணவர்களுக்கு வழி திறந்தே இருந்தது. அங்கே தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கியிருந்தது. 1983 ஆடிக்குப் பிறகு, பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்ற நிலை. அப்போது பெடியளுக்குக் கைகொடுத்தவை 'ஃபொல்க்கஹொய்ஸ்கூலெ' என்ற மக்கள் உயர்பள்ளிகள்.

இந்தப் பள்ளிகளின் கதை சுவையானது. டென்மார்க்கின் மதகுரு குருண்ட்விக் கண்ட கனவு அது. நோர்வேயில் முதலாவது பள்ளி 1864இல் ஹாமார் நகரில் தொடங்கியது. அப்போது நோர்வே சுவீடன் அரசரின் கீழ் இருந்தது, எழுத்துமொழியோ டேனிஷ். குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழியையும் பாட்டையும் வரலாற்றையும் அறிந்து தலைநிமிர வேண்டும் என்பதே நோக்கம். விடுதியில் ஒன்றாகத் தங்கி, பாடி, நெய்து, மரவேலை பழகுவார்கள். பரீட்சை இல்லை. பட்டமும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தோட்டக்காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பியது இப்படியொரு பள்ளிக்கு! நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் துக்கமும் சேர்ந்தே வரும். "என்ன படிக்கிறாய்?" என்று தாய் கடிதம் எழுதினா. தறியில் நெய்யப் பழகிக்கொண்டிருந்த அண்ணை, "பொறியியலுக்கு முன்படிப்பு" என்று பதில் போட்டார்.

ஒரு மாலை, எல்லோரும் தங்கள் ஊர்ப் பாட்டொன்றைப் பாட வேண்டும் என்றார்கள். நோர்வேப் பிள்ளைகள் தாளைப் பார்க்காமல் பல அடிகள் பாடினார்கள். எங்கள் நாலு பேருக்கும் சேர்ந்து பாடமாக இருந்தது ஒரு தேவாரம்தான். பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் வாயில் ஏறியது. பாடி முடிய, கருத்து என்ன என்று கேட்டார்கள். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். கணிதமும் இரசாயனமும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அடுத்த கடிதத்தில், உரையோடு ஒரு தேவாரப் புத்தகம் அனுப்பச் சொல்லி எழுதினார்.

பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. அங்கிருந்து ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கு அடுக்குமாடி. அந்தத் தலைமுறையில் பலருடைய பாதை இதுவே. பிள்ளைகள் பிறந்தபோது தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. 1988இல் மட்டக்களப்பில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட அன்னை பூபதியின் பெயர் தாங்கிய வளாகம் இங்கே பலரும் அறிந்தது. தமிழ், நடனம், சங்கீதம் எல்லாம் படிப்பித்தார்கள். கூடவே பரீட்சையும் வைத்தார்கள்.

பரீட்சையற்ற பள்ளியில் தங்கள் மொழியைத் தேடத் தொடங்கியவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? முன்பு இதைப் பிழை என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ஒன்றை மதிக்கிறோம் என்று காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி பரீட்சைதான். ஊரிலிருந்து மூட்டை கட்டாமலே கொண்டுவந்த பண்பாடு அது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது பதிலாகாது.

அண்ணை அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் பழைய தேவாரப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "இதுக்குப் பரீட்சை இல்லை, பிள்ளை. சும்மா வாசி." அட்டைக்குள் தாயின் கையெழுத்தில் அவருடைய பெயரும் 1985 என்ற ஆண்டும் இருந்தன.

தாய் இப்போது இல்லை. மகன் அந்த வருஷம் பொறியியல்தான் படித்தான் என்று கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாவாம்.