அப்பாவின் தொட்டி, அம்மாச்சியின் செங்கல்பொடி

என் அப்பா துணி வெளுத்தார். நான் பல் வெளுக்கிறேன். இரண்டு வேலைக்கும் மருந்து ஒன்றேதான்: ஹைட்ரஜன் பெராக்சைடு.

ராஜபாளையத்தில் நான் பல் மருத்துவமனை வைத்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஆவணியும் தையும் நெருங்கினால் கல்யாணப் பெண்ணோ மாப்பிள்ளையோ வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர், பல்லு பளிச்சுன்னு வெள்ளையா வரணும்" என்பார்கள். அப்போதெல்லாம் எனக்குச் சத்திரப்பட்டித் தொட்டியின் வாடை மூக்கில் ஏறும்.

சத்திரப்பட்டி, ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஊருக்குள் நுழையும் முன்பே விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல; காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி, காஸ் துணி. இந்தியாவில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு அந்த ஊர்த் துணிதான் போகிறது. என் மருத்துவமனையில் பல் பிடுங்கிய பிறகு, "அரை மணி நேரம் இதைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்று மடித்து வைக்கிறேனே, அதுவும் அந்த ஊர்த் துணிதான்.

தறியிலிருந்து இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. கோரா என்போம். பருத்தியின் மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் ஏறி, மங்கிய பழுப்பில் இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும், ரத்தத்தை உறிஞ்சாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்து, பலமுறை அலசிக் காயவைத்த பிறகுதான் அது மருந்துத் துணி. தேறியதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தண்ணீர் மேல் மெதுவாக வைத்தால் 10 விநாடிக்குள் அது மூழ்க வேண்டும். அப்பா அண்டாவில் துணியை விடுவார். நான் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எண்ணக் கற்றதே அப்படித்தான் என்று அம்மா சொல்வாள். "வேட்டிக்கு நீலம் போடலாம். காயத்துல படுற துணிக்கு நீலம் ஆகாது, தாயி" என்பார் அப்பா. சாயத்தால் வரும் வெள்ளை வேறு, சுத்தத்தால் வரும் வெள்ளை வேறு என்பதை நான் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முன்பே கற்றுக்கொண்டேன்.

அப்பாவின் தாத்தா காலத்தில் வெளுப்பு என்றால் உவர்மண்ணும் வெள்ளாவியும்தான். 1799-இல் ஸ்காட்லாந்தில் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்த துணியைச் சில நாளில் முடிக்க அது வழிசெய்தது. 1818-இல் பாரிஸில் தெனார் என்ற வேதியியலாளர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தார். இந்த இரண்டும் துணிக்கும் போயின, பல்லுக்கும் வந்தன. நரம்பு செத்துக் கறுத்துப்போன பல்லை பிளீச்சிங் பவுடரும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து வெளுக்கும் முறையை 1864-இல் ட்ரூமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சொன்னார். 20 வருஷம் கழித்து ஹார்லன் என்பவர் பெராக்சைடுக்கு மாறினார். என் தொழில் அப்பாவின் தொழிலுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று விடுதியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

ஆனால் பல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல. எங்கள் பக்கத்து ஊரிலேயே அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது.

அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாச்சி வீடு. மார்கழியில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். அதன் 14-ஆம் பாட்டில், பொழுது விடிந்ததற்கு அடையாளமாக ஆண்டாள் துறவிகளைக் காட்டுகிறாள். செங்கல்லைப் பொடித்த நிறத்தில் ஆடை உடுத்தி, வெண்மையான பற்களோடு அவர்கள் கோயில் திறக்கப் போகிறார்கள். அம்மாச்சி அதே நேரத்தில் கொல்லையில் செங்கல்லை உரலில் இடித்து, பழைய சேலைத் துண்டில் சலித்து, அந்தப் பொடியால் பல் விளக்குவாள். அதனால் பாட்டில் வரும் செங்கல் பொடி பல்லுக்கானது என்றே பத்து வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

அந்தத் துறவிகளின் பல் ஏன் வெளுத்திருந்தது? அவர்கள் தாம்பூலம் போடாதவர்கள் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். எனக்கு இதைவிடச் சரியான பல் மருத்துவக் குறிப்பு தெரியாது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து முதலில் வாயைச் சிவக்க வைக்கும். வருஷக்கணக்கில் அது பல்லில் பழுப்பாகவும் கறுப்பாகவும் படியும். ஊரே வெற்றிலை போட்ட காலத்தில் வெண்பல் என்பது ஒரு விரதத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது.

மற்றவர்கள் தேய்த்துத்தான் வெளுக்க வேண்டியிருந்தது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்கிற பழமொழியில் வேல் என்பது வேம்பு அல்ல, கருவேலம். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். குச்சியைக் கடித்துக் கடித்துத் தும்பாக்கித் தேய்த்தவரை பல்லுக்குப் பெரிய கேடில்லை. கேடு பொடியில்தான் வந்தது. உமிக்கரி, உப்பு, அடுப்புச் சாம்பல், செங்கல் என்று எது கிடைத்தாலும் தேய்த்தார்கள். நெல் உமியில் சிலிக்கா நிறைய. உமிக்கரியின் சுரண்டும் குணம் அதிலிருந்து வருவது.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியபின் ஊரின் காலை நேரமே மாறியது. சங்கு ஊதுவதற்குள் ஆலைக்குள் இருக்க வேண்டியவர்கள் வேலங்குச்சியை அரை மணி நேரம் மென்றுகொண்டிருக்க முடியாது. உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்து முடிக்கும் கடைப் பல்பொடி இங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூடு பல்பொடி 1913-லேயே பிறந்துவிட்டது. கோபால் பல்பொடியை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில பொடிகளில் புகையிலை கலந்திருந்த கொடுமையும் உண்டு. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது.

கல்லூரியில் மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்தபோது வாய்க்கண்ணாடியும் கையுமாக அம்மாச்சி முன்னால் உட்கார்ந்தேன். பெரும்பாலான பல் இருந்தது, ஈறும் கெட்டியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லின் கழுத்திலும், ஈறை ஒட்டி, மரத்தில் அரிவாள் பட்ட மாதிரி ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் நல்ல மஞ்சள். வெள்ளைக்காக அறுபது வருஷம் தேய்த்த பல் மஞ்சளாகிப் போயிருந்தது.

இதற்குக் காரணம் பல்லின் அமைப்பு. மேலே எனாமல், பால் கண்ணாடி மாதிரி ஓரளவு ஒளி ஊடுருவும். அதற்கு அடியில் டென்டின், இயற்கையிலேயே மஞ்சள். பல்லின் நிறத்தில் பெரும்பகுதி அடியிலிருந்து வருவது. எனாமலைத் தேய்க்கத் தேய்க்க டென்டின் வெளியே தெரியும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. இன்று கரிப் பற்பசை என்று பளபளப்பான குழாயில் விற்பதைப் பார்க்கும்போது அம்மாச்சியின் பல் கழுத்துதான் என் கண்ணில் தெரிகிறது. வெண்மைப் பற்பசைகள் சிலவற்றில் நீல நிறமி சேர்க்கிறார்கள். அது அப்பா விலக்கிய அதே நீலம் போடும் வேலை. கொஞ்ச நேரத்துக்கு மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான்.

இன்றைய வெளுப்பு முறை ஒரு தற்செயலில் பிறந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் க்ளூஸ்மியர் என்ற பல்சீரமைப்பு மருத்துவர், ஈறு ஆறுவதற்காகக் கார்பமைடு பெராக்சைடு கலந்த கிருமிநாசினியைப் பல் தட்டில் ஊற்றி இரவில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் அதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. தேய்க்காமல், சுரண்டாமல், உள்ளே இருக்கும் கறையின் மூலக்கூறை உடைத்து நிறம் இழக்கச் செய்வது இதன் வேலை. கோராவில் நடப்பதும் அதுதான்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் நான் செய்வது வெளுப்பு அல்ல, கிளீனிங். டீ, வெற்றிலை, பீடிக் கறையெல்லாம் பல்லின் மேலே ஒட்டியிருப்பவை. காரையோடு அதை எடுத்துவிட்டாலே பலர் கண்ணாடியைப் பார்த்து, "இது போதும் டாக்டர்" என்று எழுந்துவிடுகிறார்கள். கறை உள்ளே இருந்தால்தான் அடுத்த பேச்சு. நாற்காலியிலேயே செய்வதென்றால் 35 முதல் 40 சதவீதம் வரை வீரியமுள்ள பெராக்சைடு. 16 நிற மாதிரிகள் கொண்ட அட்டவணையைப் பல்லருகே பிடித்து இப்போதைய நிறத்தைக் குறித்துக்கொள்வேன். உதட்டை விலக்கி, ஈறின் மேல் காப்புப் பூச்சு போட்டு இறுகவைத்து, பிறகு ஜெல்லைத் தடவுவோம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் போட்டு, மொத்தம் ஒரு மணி நேரம் போல ஆகும். நீல விளக்குக்குப் பெரிய பங்கு இல்லை. வேலை செய்வது ஜெல்தான். வீட்டில் செய்வதென்றால் வாய் அளவெடுத்த தட்டும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லும் தருவேன். இரவில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம். அவசரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நிறம் மெதுவாகத்தான் மாறும், ஆனால் கூச்சம் குறைவு.

கூச்சம் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் சுருக் சுருக்கென்று மின்னல் வெட்டுகிற மாதிரி இருக்கும். பெராக்சைடு சில நிமிடங்களில் எனாமலையும் டென்டினையும் கடந்து நரம்பு வரை போய்விடுகிறது. அப்பா ஒருமுறை என் மருத்துவமனையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ரொம்ப நேரம் ஊறினா துணி இத்துப்போகும், தெரியும்ல? கோராவுக்கு உயிர் கிடையாது, வலிக்குதுன்னு சொல்லாது. நீதான் பாத்துக்கணும்" என்றார். அன்று முதல் நேரத்தைக் குறிக்கும் கடிகாரத்தை நானே கையில் வைத்துக்கொள்கிறேன், உதவியாளரிடம் கொடுப்பதில்லை.

அன்றைக்குக் கண்ணாடியில் தெரிகிற வெள்ளை முழுக்க நிலைக்காது. வாய் திறந்தே இருந்ததால் பல் காய்ந்து கூடுதல் வெள்ளையாகத் தெரியும். சில நாளில் ஒரு படி இறங்கி நிற்கும். இரண்டு நாள் டீ, காபி, வெற்றிலை, மஞ்சள் சேர்ந்த குழம்பு வேண்டாம் என்றால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏற்கெனவே போட்ட தொப்பியும் அடைப்பும் வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்தால் அவை தனியாகத் தெரியும். சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு மூன்று வருஷம் நிறம் தாங்கும். பாலூட்டும் தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நான் செய்வதில்லை.

தண்ணீரால் வந்த கறை வேறு கதை. இந்தியாவில் ஃப்ளோரைடு நோய் 1937-இல் முதலில் பதிவானது அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில். நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அதைப் பல்லில் சுமந்தார்கள்; 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது அதற்காகத்தான். அந்தப் பக்கமிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்களின் பல்லை வெறும் பெராக்சைடால் வெளுத்தால் வெள்ளைத் திட்டு இன்னும் வெள்ளையாகத் தெரியும். மேல்பரப்பை லேசாகச் சீர்செய்வதோ, பிசின் ஊட்டுவதோ, மேல்வில்லை ஒட்டுவதோ தேவைப்படும். சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டுச் சாம்பல் நிறமான பல்லுக்கு மாதக்கணக்கில் தட்டு போட வேண்டும். முழு வெள்ளையை நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். மறுநாள் நிச்சயதார்த்தம். பல் மருத்துவர் இல்லாத ஓர் இடத்தில் வெளுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஈறு முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெந்துபோயிருந்தது. அந்த வெள்ளையை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். தொட்டி மருந்து கையில் தெறித்த நாளில் அப்பாவின் விரல் நுனியில் அதே நிறம் இருக்கும். இரவு முழுக்க எரிகிறது என்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல், 6 சதவீதம் வரையிலான பெராக்சைடைக்கூடப் பல் மருத்துவர் வழியாகத்தான் தர முடியும். என் கையில் இருப்பது அதைப்போல ஆறு மடங்கு வீரியம். அந்தப் பெண்ணுக்கு ஈறு ஆற ஒரு வாரம் ஆனது. நிச்சயதார்த்தப் படங்களில் அவள் வாயைத் திறந்து சிரிக்கவே இல்லை.

வெளுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. செய்கிறவர் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஜெல் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சொத்தையையும் ஈறு நோயையும் முதலில் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். செங்கல்லையும் கரியையும் விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வராதீர்கள். ஒரு மாதம் முன்னால் வாருங்கள்.